கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது, டாக்டரைப் படிக்க வைக்க இல்லையா?

நிதி ஒதுக்கீடு பற்றிப் பேசிய ஒரு கூட்டத்தின் வீடியோவைப் பார்த்தேன். மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் வேலை செய்யும் டாக்டர்களுக்குப் போதை நோய் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி தர ஒதுக்கிய பணத்தை, மறுவாழ்வு மையக் கட்டடத்துக்கு மாற்றிவிடலாம் என்று அங்கே பேசினார்கள். "குடியை நிறுத்துன்னு சொல்ல ஒரு டாக்டர் தனியா படிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டதும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வியைக்கூட மன்னித்துவிடலாம். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆமாம், படிக்கணும். தனியாகத்தான் படிக்கணும்.

பல வருடம் தினமும் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிரே போகலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த ஓரிரு நாளில் நினைவு குழம்பி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு கொதிக்க ஆரம்பிக்கலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். யாருக்கு இது வரும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை உள்ளே சேர்க்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒரு டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அண்ணன் தானாகத்தான் குடியை நிறுத்தினார். யாரும் மிரட்டவில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனைக்கு அண்ணி கூட்டிப்போனார். குளுக்கோஸ் ஏற்றி, "விட்டுட்டாருல்ல, நாலு நாள்ல சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். சரியாகச் சாப்பிடாமல் வருடக்கணக்காகக் குடித்த உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் புதிதாக எதுவும் மனதில் தங்குவதில்லை. கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பார். கோர்சகாஃப் என்று அந்த நிலைக்குப் பெயர் இருப்பதே பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மலிவான ஒரு வைட்டமின் ஊசி!

அந்த டாக்டரை நான் திட்டவில்லை. பொது மருத்துவப் படிப்பில் இதற்கு ஒதுக்கும் நேரமே குறைவு. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவதற்கான பணத்தைத்தானே இப்போது வெட்டப் பார்க்கிறார்கள்?

ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) போதைக்கான சிகிச்சையில் இன்னும் நுணுக்கம் அதிகம். அந்தப் போதைக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் மருந்துகளான மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் புப்ரெனார்ஃபினை நேரம் பார்க்காமல் சீக்கிரம் கொடுத்தால் நோயாளிக்கு அந்த இடத்திலேயே போதையைத் திடீரென்று நிறுத்தியதுபோலக் கடுமையான விலகல் வேதனை வரும். அப்படி ஒருமுறை துடித்தவர் மறுபடி வருவாரா? கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. மையத்தை விட்டு வெளியே வந்ததும் இறந்துபோகிறவர்கள் பலர் இப்படித்தான் போகிறார்கள். கட்டடம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

பிரான்சில் 1995இல் சாதாரண குடும்ப டாக்டர்களே புப்ரெனார்ஃபின் எழுதித்தர வழி செய்தார்கள். அடுத்த நான்கு ஆண்டில் போதைப்பொருளை அளவு மீறி எடுத்து இறப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தார்கள். கையில் மருந்துள்ள டாக்டர் மக்களுக்கு எட்டும் இடத்தில் இருந்தார், அதுதான் முக்கியமான காரணம்.

"படித்து முடித்ததும் நகரத்துக்கு ஓடிவிடுவார்கள்" என்பீர்கள். இது நியாயமான பயம். அதனால்தான் ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற டாக்டர் 2003இல் எக்கோ திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்காக ஆரம்பித்தது. தொலைதூர டாக்டர்கள் தங்கள் நோயாளியின் நிலையை வீடியோவில் நிபுணர்களிடம் சொல்லிக் கற்றுக்கொள்வார்கள். போதை சிகிச்சைக்கும் அதே முறை வந்துவிட்டது. ஆனால் அந்த நிபுணர் எங்கிருந்து வருவார்? அவரும் முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். படிக்கும் காலத்தில் அவருக்குச் சம்பளம் வேண்டும், அவர் இடத்தில் நோயாளிகளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். பணம் கேட்பது இதற்குத்தான்.

"கவுன்சலிங் போதாதா?" போதாது. வலிப்பு வந்தவரிடம் என்ன பேசுவீர்கள்?

அப்புறம் அந்தப் பழைய வசனம். "குடிச்சது அவன், செலவு நமக்கா?" இதற்கு நிதானமாகப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. சர்க்கரை நோயாளியிடம் நீ என்ன தின்றாய் என்று விசாரித்துவிட்டா டாக்டரைக் காட்டுகிறோம்? வசதி உள்ளவர் குடித்தால் நல்ல மருத்துவமனைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் குணமாகி வருகிறார். இல்லாதவர் குடித்தால் மட்டும் ஒழுக்கம் பேசுகிறீர்கள். வரிசையில் நிற்கும்போதே சத்தமாக "குடி கேஸா?" என்று கேட்கிறார்கள். என் அண்ணி அந்த வரிசையில் தலையைக் குனிந்து நின்றவர். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

பயிற்சிக்கான தொகையை முழுதாகத் திருப்பி வையுங்கள். கட்டடம் அடுத்த வருடம் வரட்டும்.

எதிர்க்கருத்து எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "தானே தேடிக்கொண்டது" என்று எழுதினால் நீக்கிவிடுவேன். அண்ணி இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.