பத்தாம் நாள் நெகட்டிவ் போதாது

"ஆணுறை இல்லாம உறவு வச்ச பத்தாம் நாளே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாச்சு, நெகட்டிவ், இனி ஆணுறை வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். வழக்கமான விரைவுப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது தென்பட சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஆனால் தொற்றிய புதிதில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். துணைக்குச் சுலபமாகப் பரவுவதும் அப்போதுதான். 90 நாள் கழித்து மறுபடி பாருங்கள், அதுவரை ஆணுறை கட்டாயம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி முடிவு ரகசியம். துணையையும் அழைத்துப் போங்கள், கூச்சம் வேண்டாம். அப்புறம், உறவு கொண்டு 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது, உடனே மருத்துவரிடம் கேளுங்கள். சந்தேகமா? 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.