அந்த வாய்ஸ் மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்

தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் எல்லா குரூப்பிலும் அது வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து உளற ஆரம்பித்த ஓர் அம்மாவைப் பற்றியது; யார் பேசியது, எந்த அம்மா என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "மயக்க ஊசி போட்டா மூளை செல் செத்துப்போகும், பெத்தவங்கள ஆபரேஷனுக்கு விடாதீங்க." இதைக் கேட்டுவிட்டு இடுப்பு முறிந்த பெரியவர்களை எண்ணெய்க் கட்டு போடத் தூக்கிப்போகிறார்கள். வயிறு எரிகிறது.

மயக்க ஊசியால் பெரியவர்களின் மூளை செல் கூட்டமாகச் சாவதில்லை. புரோபோஃபால் என்கிற மயக்க மருந்து என்ன செய்கிறது? மூளையில் பிரேக் போல வேலை செய்யும் காபா ஏற்பிகளைத் தூண்டி, செல்கள் ஒன்றோடொன்று பேசுவதை அடக்கி வைக்கிறது. அளவு இறங்கியதும் விட்டுவிடுகிறது. செல் சாவது ஆக்சிஜன் சில நிமிடம் நின்றால். அதற்காகத்தான் விரலில் ஆக்சிமீட்டர், மூச்சில் கார்பன் டை ஆக்சைடு, ரத்த அழுத்தம் என்று ஒருவர் கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இளைஞருக்குக் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி. கொடுக்கும் மருந்தை, வயதானவருக்கு 1 முதல் 1.5 என்று குறைத்து, மெதுவாகவே ஏற்றுகிறார்கள்.

"அப்போ அந்தம்மா ஏன் உளறினாங்க?"

அதற்குப் பெயர் டெலிரியம், உடம்பு சரியில்லாதபோது திடீரென்று வரும் குழப்பம். பெரும்பாலும் முதல் மூன்று நாளில் வரும், பொழுது சாய்ந்தால் கூடும். பகலில் தெளிவாகப் பேசியவர் ராத்திரி டிரிப்ஸ் குழாயை வலை இழுப்பதுபோல இழுப்பார். அப்படி ஒரு மீனவப் பெரியவர், மகனைப் பார்த்து "நங்கூரத்தத் தூக்குடா" என்று அலறினார். ஒன்றுக்குச் சொட்டுச் சொட்டாகப் போனதால் போகிறது என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள். குழாய் வைத்ததும் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. விடிந்ததும் கஞ்சி கேட்டார். அதற்குள் வாசலில், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, "ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போயிருவோமா" என்று பேச்சு.

மூத்திர அடைப்பு ஒன்று. சோடியம் குறைவு, நெஞ்சுச் சளித் தொற்று, அடங்காத வலி, மலச்சிக்கல், தூக்க மாத்திரை, பையில் முடங்கிய மூக்குக்கண்ணாடி, எல்லாமே காரணம்தான். நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் உண்டு: முந்தின ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போடுவது. திட உணவுதான் 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். வெறும் தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், டாக்டரைக் கேளுங்கள்.

குடியை மறைக்காதீர்கள். மானம் போகும் என்று "அப்பா குடிக்கவே மாட்டார்" என்கிறீர்கள். தினம் குடித்தவருக்கு நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், பூச்சி ஊர்கிறது என்பார். அதற்கு தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், மற்ற குழப்பங்களில் ஆஸ்பத்திரியில் நாங்கள் தவிர்க்கிற அதே டயஸெபாம் வகைத் தூக்க மருந்தும் வேண்டும். உண்மை தெரியாமல் எதைக் கொடுப்பது?

"டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குறீங்க" என்பீர்கள். இல்லை. மறதி வருவதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1998-இல் வெளியான ஆய்வில், பெரிய ஆபரேஷன் முடிந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்கு யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் 9.9. ஆபரேஷன் இல்லாதவர்களில் 2.8. வித்தியாசம் உண்மை. ஆனால் பழியைத் தூக்கி மயக்க ஊசி மேல் மட்டும் போட முடியாது. இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்து 2021-இல் வந்த ஆய்வில், மரத்துப்போக முதுகில் ஊசி போட்டவர்களுக்கும் முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கும் டெலிரியம் ஏறக்குறைய ஒரே அளவு, ஐந்தில் ஒருவருக்கு. ஆபரேஷன் உடம்பில் கிளப்பும் அழற்சி, வயது, முன்பே மெல்லத் தொடங்கியிருந்த மறதி நோய், இவற்றையும் பாருங்கள்.

"எலிக்குஞ்சுல நிரூபிச்சிருக்காங்களே?" ஆமாம், மணிக்கணக்கில் கொடுத்து. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த குடலிறக்க ஆபரேஷனில், முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கும் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019-இல் வந்துவிட்டது. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விட்ட எச்சரிக்கை மூன்று வயதுக்குள், 3 மணி நேரத்துக்கு மேல் அல்லது பலமுறை கொடுப்பதைப் பற்றியது.

இடுப்பு முறிந்தவரைப் படுக்கப் போட்டால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும். அந்த மெசேஜ் தின்பது இந்த நேரத்தைத்தான்.

தர்காவில் துஆ கேளுங்கள், நேர்ச்சை வையுங்கள், தடுக்கவில்லை. ஆனால் 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். சோடியம் பார்க்க வேண்டிய மனிதரை மனநோயாளி என்று முத்திரை குத்தாதீர்கள். ராத்திரி அப்பா உளறினால் உடனே நர்ஸை எழுப்பி, எப்போது ஒன்றுக்குப் போனார், கடைசியாக எப்போது மது குடித்தார், வீட்டில் என்ன மாத்திரை போடுவார், இந்த மூன்றையும் சொல்லுங்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுங்கள்.