தத்தெடுத்த நாய்க்கு வயிற்றுப்போக்கா? பூண்டு கொடுக்காதீர்கள்

“புதிதாகத் தத்தெடுத்த நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் பூச்சிதான் காரணம். பச்சைப் பூண்டை நசுக்கிக் கொடுத்து இரண்டு நாள் பட்டினி போடுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மெர்க் கால்நடை மருத்துவக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். குட்டியைப் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும்.

காரணம் புழுவாகவும் இருக்கலாம். ஆனால் திடீர் உணவு மாற்றம், இடம் மாறிய பதற்றம், ஜியார்டியா என்னும் நுண்ணிய குடல் ஒட்டுண்ணி, பார்வோ வைரஸ் என்று வேறு பலவும் உண்டு. ஆசனவாய் ரோமத்தில் அரிசிமணி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. சளி கலந்த தளர்ந்த மலம் மட்டும் என்றால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புது மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போய்ப் பரிசோதிக்க வேண்டும். ஜியார்டியா ஒரே பரிசோதனையில் தப்பிவிடுவதும் உண்டு, மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். முன்பு என்ன சாப்பிட்டது என்று விசாரித்து, புது உணவுக்கு 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள்.

இரத்தம், வாந்தி, சோர்வு என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ உயிரையே பறிக்கும்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.