கோடுகளைக் கனமாக்குவது அமிலம்

ஓவியர் பிரான்சிஸ் பார்லோ வரைந்த பறவைகளை அச்சோவியர் வென்செஸ்லாஸ் ஹாலர் எட்சிங் (மெழுகு பூசிய செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, மையிட்டு அச்செடுக்கும் முறை) செய்தபோது ஊசியை அழுத்தித்தான் இறகைக் கறுப்பாக்கினார் என்கிறது ஒரு கட்டுரை. அப்படியல்ல. ஊசி மெழுகுப் பூச்சைக் கீறினாலே போதும், செப்பைத் தின்பது அமிலம். தூரத்து மரங்கள் லேசாக அரிக்கப்பட்டதும் தகட்டை எடுத்து, அவற்றை அமிலம் புகாத வார்னிஷால் மூடிவிட்டு, முன்னால் நிற்கும் பறவையை மட்டும் மறுபடி அமிலத்துக்கு விடுவார்கள். ஆழம் கூடக்கூட மை அதிகம் பிடிக்கும்.

கழுத்துத் தூவிக்குத் துண்டுக் கோடுகள், சிறகுக்கு நீண்ட வளைகோடுகள். இருட்டு வேண்டுமென்று கோடுகளை மிக நெருக்கிப் பின்னினால் இடையிலுள்ள மெழுகு பெயர்ந்து எல்லாம் ஒரே பள்ளமாகிவிடும். அகலப் பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போதே போய்விடும். கறுக்க வேண்டிய இறகு நடுவில் வெளிறி அச்சாகும்.

இந்தப் படங்களில் தொடுவானம் தாழ்ந்திருப்பதையும் கவனியுங்கள்: வெறும் காகிதமே வானம், அதன்மேல் அலகும் கொண்டையும் எவ்வளவு துல்லியம்!