சட்டப் பேராசிரியரை எதை வைத்து எடைபோடுவது?

ஒப்பந்தச் சட்டம் நடத்தும் விரிவுரையாளர் முதல் வகுப்பில் எதைத் திறக்கச் சொல்கிறார் என்று பாருங்கள். இங்கிலாந்துப் பாடநூலையா, நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையா? அவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

நம் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதனால் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து பல இடங்களில் விலகிப் போகும். ஓர் உதாரணம்: கடன்பட்டவர் தரப்பில் 4,000 வெள்ளிக் காசோலையை முழுக் கடனுக்கும் ஈடாக அனுப்பி, சம்மதமில்லை என்றால் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். கடன் கொடுத்தவர் தரப்பு காசோலையை மாற்றிக்கொண்டு மீதியையும் கேட்கிறது. இங்கிலாந்து விதியை மனப்பாடம் செய்த மாணவர், மீதியைக் கேட்கலாம் என்றே எழுதுவார். 64ஆம் பிரிவைக் காட்டி, கேட்க முடியாது என்று 1966இல் கெர்பா சிங் வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

மறுபயனில், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவதில், இன்னும் பெரிய குழி. அதை வாக்குப் பெற்றவரோ 'வேறு எவரோ' தரலாம் என்கிறது 2(டி) பிரிவு. முன்பே செய்து முடித்த வேலையும் மறுபயனாகச் செல்லும். 1968இல் கெப்போங் பிராஸ்பெக்டிங் வழக்கில் அன்று நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே இதை ஏற்றது. 'வேறு எவரோ' என்பதைப் பார்த்ததும், ஒப்பந்தத்தில் இல்லாதவரும் வழக்குப் போடலாம் என்று மாணவர்கள் தாவிவிடுகிறார்கள். முடியாது என்று அதே தீர்ப்பே சொல்கிறது. மறுபயனைத் தந்தவர் யார் என்பது ஒரு கேள்வி. ஒப்பந்தத் தரப்பினர் யார் என்பது வேறு கேள்வி.

தீர்ப்பின் மேலே அச்சிடப்படும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படித்தால் இந்த வேறுபாடு மனதில் நிற்காது. அதை எழுதுவது நீதிபதி அல்ல, தீர்ப்புத் தொகுப்பின் பதிப்பாசிரியர். முழுத் தீர்ப்பையும் படிக்கவைத்து, நடந்தது என்ன, எழுந்த கேள்வி என்ன, முடிவுக்கு இன்றியமையாத காரணம் எது, போகிற போக்கில் சொன்னது எது என்று அரைப் பக்கத்தில் எழுதி வாங்க வேண்டும். பிற்காலத் தீர்ப்புகள் அதைப் பின்பற்றினவா, ஒதுக்கினவா என்பதையும் தேடச் சொல்ல வேண்டும். திருத்துவது முதுகொடியும் வேலை. பதவி உயர்வுப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஆய்வின் நிலையும் அப்படித்தான். 1972இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் தலைவரான அகமது இப்ராகிம், உள்நாட்டுச் சட்டத்தை அலசி எழுதியே பெயர் பெற்றவர். இன்று ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்வுத் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழ்களுக்கே மதிப்பு அதிகம். வெளிநாட்டுப் பதிப்பாசிரியருக்கு நம் 64ஆம் பிரிவில் என்ன அக்கறை இருக்கும்?

குடிமைச் சட்டம் 1956இன் 5ஆம் பிரிவைப் பாருங்கள். வணிக வழக்கில் நம் எழுத்துச் சட்டம் பேசாத இடத்தில், கோலாலம்பூருக்கு 1956 ஏப்ரல் 7 அன்று இருந்த இங்கிலாந்துச் சட்டம். பினாங்குக்கோ வழக்குக் காலத்தில் இங்கிலாந்தில் நடப்பில் உள்ள சட்டம். ஒரே நாட்டில் இரண்டு அளவுகோல்! இதைப் பொறுமையாக ஆராயும் தீர்ப்பு விமர்சனத்துக்குச் சர்வதேசக் கட்டுரைக்கு இணையான புள்ளி கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் மேசையில் முதலில் புரட்டப்படுவது அதுதான்.

பிள்ளையை லண்டன் சட்டப் பட்டத்துக்குத் தனியார் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், பாட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மலேசியத் தீர்ப்புகள் எத்தனை, எந்த வாரத்தில் என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், பட்டம் முடிந்து, வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. தகுதித் தேர்வுக்கு உட்காரும்போதுதான் பிள்ளை நம் சட்டத்தை முதன்முதலாகப் பார்க்கும்.