"வழங்கியது" என்று எழுதாதே

தங்கை மகள் சட்டத்தின் ஆட்சி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். போன வாரம் தக்கலைக்கு வந்தவள், முதல் அத்தியாயத்தைக் கையில் தந்து படிக்கச் சொன்னாள். இங்கிலாந்தின் 1215-ஆம் ஆண்டு சாசனத்தில் தொடங்கி 1948-இன் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் வரை விரிவாக எழுதியிருக்கிறாள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரே ஒரு வாக்கியம்: "1859-இல் திருவிதாங்கூர் அரசு தோள்சீலை உரிமையை வழங்கியது." தோள்சீலை என்றால் மேல்சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் தோளில் போடும் மேல்துணி; நாடார் பெண்கள் அதைப் போடத் தடை இருந்தது.

நான் முப்பது வருடம் பத்திரம் எழுதியவன். வாக்கியம் இவ்வளவு சுத்தமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வில்லங்கம் எப்போதும் நிபந்தனையில்தான் படுத்திருக்கும். அந்த ஜூலை 26 அறிவிப்பு என்ன சொல்கிறது? நாடார் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற சட்டை) போடலாம், மீனவச் சமூகமான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதத்திலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. 1829 உத்தரவும் இதே ரகம்தான்: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. முப்பது வருடம் அடியும் உதையும் பட்டு, சென்னை ஆளுநர் டிரெவெலியனும் நெருக்கிய பிறகு கிடைத்தது இந்த "ஆனால்" ஒட்டிய காகிதம். "வழங்கியது" என்ற ஒரு வினைச்சொல் அத்தனையையும் விழுங்கிவிடுகிறதே!

மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து 2019-இல் இந்தப் பகுதியை நீக்கியபோது எல்லோரும் கொதித்தோம். நியாயம்தான். ஆய்வேடுகள் பாதியைத் தின்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை.

இன்றைய சட்டத்தையும் இந்த ஆய்வாளர்கள் தீர்ப்போடு நிறுத்திவிடுகிறார்கள். சிவில் வழக்கில் ஜெயித்தவரும் அதை நிறைவேற்றித் தரச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டும். அதற்குச் சட்டம் தரும் காலவரம்பு பொதுவாக 12 ஆண்டு. பாதை வழக்கில் ஜெயித்த ஒரு பாட்டி, பால் கவரில் மடித்து வைத்த தீர்ப்பு நகலோடு என்னிடம் வருவார். மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது. பாதையில் இன்னும் பக்கத்து வீட்டுக்காரரின் வாழைதான் நிற்கிறது. ஆய்வாளர்கள் அந்த வாழைக்குலைகளை எண்ணட்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் பென்சிலால் "வழங்கியது" என்பதை அடித்துவிட்டு, "அப்படியானால் என்ன எழுத, மாமா?" என்றாள்.

"பெண்கள் பெற்றார்கள் என்று எழுது."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லையே, மாமா. அதுவும் தப்புதானே?"