விளம்பரம் மட்டும்தானா?

அமெரிக்க வரலாற்று நூலாசிரியர்களின் மேடைப் பேச்சுகள் வெறும் விற்பனை உத்தி என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1915 முதல் 1970 வரை தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறிய சுமார் 60 லட்சம் கறுப்பின மக்களைப் பற்றி எழுத, அமெரிக்க எழுத்தாளர் இசபெல் வில்கர்சன் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். அப்படி உழைத்தவர் யாரைத் தேடிப்போனார், எதைக் கேட்டார் என்று அவர் வாயால் கேட்பது தனி அனுபவம். புத்தகம் விற்கட்டுமே, அதில் என்ன தவறு? அப்புறம், உரை முடிந்ததும் பார்வையாளர்கள் ஆசிரியரிடம் கேட்கும் அந்தக் கேள்வி நேரம்! சி-ஸ்பான் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி 1998-இலிருந்து வார இறுதிகளில் இத்தகைய உரைகளை ஒளிபரப்புகிறது. இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தயவுசெய்து ஒன்றையாவது கடைசிக் கேள்வி வரை பாருங்கள்.